சான்று யாருக்காக?

கேள்வி, 2025 ஜூலை 6

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கீழக்கரையிலிருந்து மண்டபம் வரையுள்ள ஊர்களில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும், அதாவது சங்கு குளிக்கும் தொழிலைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். முதல் இயலை நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். பக்கத்துக்கு ஐந்தாறு இடங்களில் "சான்று எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். தனுஷ்கோடி அழிந்ததும் மன்னார் வளைகுடாவில் தீவுகள் இருப்பதும் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். பாதிச் செய்திகள் என் பெரியப்பா வாயால் கேட்டவை, எந்த நூலிலும் இல்லாதவை. எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் எட்டு விழுக்காடுதான் வந்தது. பத்துக்குள் இருந்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை மேற்கோள், யாருக்காக?

2025 ஜூலை 6, இரவு

"யாருக்காக" என்பதுதான் சரியான கேள்வி, தம்பி. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மற்றவை தாமாக விளங்கும்.

எல்லாருக்கும் தெரியும் என்று நீங்கள் சொல்லும் தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் அடித்ததையும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதையும் நம் கடற்கரையில் மறுப்பவர் எவரும் இல்லை. அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் அடிக்குறிப்பு வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அடுத்த வாக்கியம் அந்த ரயிலில் இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லப் புகும்போது நிலைமை மாறிவிடுகிறது. 115 என்று எழுதியவர்கள் உண்டு. 150 என்றும் 200 என்றும் எழுதியவர்களும் உண்டு. பயணச்சீட்டு வாங்கியவர்களையும் ஊழியர்களையும் மட்டும் எண்ணினார்களா, சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து மதிப்பிட்டார்களா என்று தெரியாமல் இவற்றில் ஒன்றை எடுத்து எழுதினால், படிப்பவர் அந்த எண்ணை நம்புவதற்கும் வழியில்லை, சோதிப்பதற்கும் வழியில்லை.

இதை நான் என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டில் கற்றுக்கொண்டேன். அதில் ஓர் எண்ணைக் கொடுத்து, அதற்குச் சான்றாக 1964 டிசம்பர் மாத நாளிதழ் ஒன்றின் தேதியை அடிக்குறிப்பில் இட்டிருந்தேன். அந்தத் தாளை நான் கண்ணால் கண்டதில்லை. வேறொருவர் நூலின் அடிக்குறிப்பில் இருந்ததை எடுத்து, நானே பார்த்ததுபோல எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இந்தத் தாளை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, பட்டமும் கிடைத்தது. மறு ஆண்டு சென்னைக்குப் போனபோது பழைய நாளிதழ்களைக் காத்துவரும் நூலகம் ஒன்றில் அந்தத் தேதித் தாளைத் தேடி எடுத்தேன். நான் எழுதிய எண் அதில் இல்லை. பத்து நாள் கழித்து வந்த தாளில் இருந்தது. முதலில் எழுதியவர் தேதியைப் பிழையாகக் குறித்திருக்கிறார். அந்தப் பிழையை நான் என் பெயரில் மறுபடியும் அச்சேற்றியிருக்கிறேன்.

ஆகவே முதல் விதி, நீங்கள் பார்த்ததை மட்டுமே பார்த்ததாகக் காட்டுங்கள். நம் கடற்சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட நூலை நீங்கள் படிக்கவில்லை, அதை எடுத்தாண்ட ஒரு கட்டுரையை மட்டுமே படித்திருக்கிறீர்கள் என்றால், ஹார்னெல் சொன்னதாக இன்னார் எழுதுகிறார் என்றே குறிப்பிடுங்கள். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நம் மாவட்டத்தின் 21 தீவுகளைப் பற்றி எழுதும்போதும் இதே முறைதான்.

2025 ஜூலை 7

எட்டு விழுக்காட்டுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளைத்தான் எல்லாரும் "பத்து" என்ற ஒரு சொல்லாகச் சுருக்கிவிட்டார்கள். அந்த விதிகளின்படி ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடியும் அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வருவதில்லை. பொது அறிவுச் செய்திகளிலோ தற்செயலாகவோ தொடர்ந்து பதினான்கு சொற்கள் வரை ஒத்திருந்தாலும் கணக்கில் வருவதில்லை. பத்து வரை தண்டனை இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். பத்து வரை பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

மேலும் அந்த மென்பொருள் சொற்களின் வரிசையை ஒப்பிடுகிறதே தவிர, கருத்து எங்கிருந்து வந்தது என்று அறியாது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வரிக்கு வரி தமிழாக்கி உங்கள் இயலில் வைத்தால், பெரும்பாலும் ஒப்புமை ஒன்றும் இல்லை என்றே அது சொல்லும். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு இதுவே. பலர் இதைத் தவறென்று அறியாமலேயே செய்கிறார்கள். மொழிபெயர்த்த உழைப்பு தம்முடையது, ஆகவே எழுத்தும் தம்முடையது என்று நம்புகிறார்கள். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூல் பிறக்கும் நான்கு முறைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைக்கிறது. மொழிபெயர்த்தவன் முதல்நூல் செய்தவன் ஆகமாட்டான் என்பது நம் இலக்கணத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

2025 ஜூலை 7, மாலை

நேற்று நான் எழுதியதில் ஒரு பிழை. "நம் மாவட்டத்தின் 21 தீவுகள்" என்று எழுதிவிட்டேன். அந்த 21 தீவுகள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை பரந்து, இராமநாதபுரம், தூத்துக்குடி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் அடங்குகின்றன. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய செய்தி என்பதால் நூலைத் திறக்காமல் எழுதினேன். மிக நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் இப்படி நேர்கிறது. உங்கள் நெறியாளர் ஓரத்தில் எழுதியவை இத்தகைய இடங்களாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று. 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் பரப்பு 560 சதுரக் கிலோமீட்டர். 1989இல் அமைந்த உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுரக் கிலோமீட்டர். இரண்டும் "மன்னார் வளைகுடா" என்றே தொடங்குவதால், பூங்காவுக்குக் காப்பகத்தின் பரப்பைக் கொடுத்த ஆய்வேடுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. எந்த அறிவிப்பிலிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி எழுத உட்கார்ந்திருந்தால், எழுதும்போதே அவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கும். படிப்பவருக்கு முன்பே எழுதுகிறவரைக் காப்பாற்றுவதும் அடிக்குறிப்புத்தான்.

2025 ஜூலை 12

ஆண்டை ஏன் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு கிடைக்காது.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உண்டாயிற்று. 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனியே போயின. இப்போது நீங்கள் 1972இல் வெளிவந்த மாவட்ட விவரச்சுவடியை (கெசட்டியர்) திறந்து, "இராமநாதபுரம் மாவட்டத்தில்" என்று தொடங்கும் ஒரு வரியிலிருந்து மக்கள்தொகையையோ பள்ளிகளின் எண்ணிக்கையையோ எடுத்தால், அதில் காரைக்குடியும் சிவகாசியும் இராஜபாளையமும் சேர்ந்திருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்றைய மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாவட்டத்தை விட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறிவிட்டார்கள் என்று முடிவு கட்டிய ஓர் இயலை நான் திருத்தியிருக்கிறேன். அந்த மாணவி கெட்டிக்காரி, உழைப்பாளி. வறட்சி, வெளிநாட்டு வேலை என்று காரணங்களையும் அடுக்கி, நயமாக எழுதியிருந்தாள். ஆண்டில்லாத ஓர் எண் பதினெட்டுப் பக்கங்களை வீணாக்கியது. 1972 என்ற நான்கு இலக்கங்கள் அந்த வரியின் முடிவில் இருந்திருந்தால், படிக்கிற எவரும் "அது பழைய மாவட்டமாயிற்றே" என்று நிறுத்தியிருப்பார்கள்.

2025 ஜூலை 13

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று போடத் தொடங்கிவிடாதீர்கள். வங்காளத்தில் வளையல் செய்ய நம் சங்கு போயிற்று என்பதை ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலிலிருந்து சொல்கிறீர்கள் என்றால், பத்தியின் தொடக்கத்தில் ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் சொல் எங்கே முடிகிறது, உங்கள் சொல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்படி எழுதினால் போதும்.

2025 ஜூலை 20

இது சற்று நீளமாக இருக்கும். பெரியப்பா சொன்னவற்றுக்கு எப்படிச் சான்று காட்டுவது என்ற உங்கள் கேள்விக்கு நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு.

என் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கு குளித்தவர். பார் என்று நாங்கள் சொல்லும் கடலடித் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. எந்தப் பாரில் மணல் அதிகம், எதில் சங்கு முட்டையிட்டுக் கிடக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கே தண்ணீர் கலங்கும், வாடைக்கு எங்கே தெளியும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். கரையிலுள்ள கோபுரத்தையும் ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரே நேராகப் பிடித்து, இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து, வள்ளம் எந்தப் பாரின்மேல் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். நான் சிறுமியாக இருந்தபோது வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் பல நாள் உட்கார்ந்து, இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். நல்ல மனிதர்; எங்களுக்குப் பண்டம் வாங்கி வருவார். பிற்பாடு கல்லூரி நூலகத்தில் அவர் கட்டுரையை நான் படித்தேன். என் தகப்பனார் சொன்ன பெயர்கள் அத்தனையும் ஒரு வரைபடத்தில் அச்சாகியிருந்தன. அடியில் "உள்ளூர் மீனவர்களிடம் கேட்டறிந்தது" என்று ஒரு வரி. கட்டுரையின் முடிவில் நாற்பதுக்கு மேற்பட்ட நூல்களின் பட்டியல் ஆசிரியர், ஆண்டு, பக்கத்தோடு ஒழுங்காக இருந்தது. நூல் எழுதியவர்களுக்குப் பெயர் இருந்தது. கடலுக்குள் போய்ப் பார்த்து வந்தவருக்கு இல்லை.

ஆகவே உங்கள் பெரியப்பா சொன்னது "எந்த நூலிலும் இல்லாதது" என்றால், அதனாலேயே அதற்குச் சான்று கூடுதலாக வேண்டும். நூலில் இருப்பதை நூலகத்துக்குப் போய் எடுத்துவிடலாம். அவர் சொன்னதற்கு வேறு படி கிடையாது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளில் தகவலாளர் பட்டியல் என்று ஒரு பின்னிணைப்பு வைப்பது தமிழில் நெடுநாள் வழக்கம். பெயர், வயது, ஊர், தொழில், எந்த நாளில் எங்கே பேசினீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். ஒலிப்பதிவு செய்திருந்தால் அந்தக் கோப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். அமெரிக்க உளவியல் சங்க முறையில் இத்தகைய நேர்ப்பேச்சை உரைக்குள் மட்டும் குறித்துவிட்டு, துணைநூற்பட்டியலில் சேர்க்காமல் விடுவார்கள். படிப்பவரால் தேடி எடுக்க முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நெறியாளர் அந்த முறைதான் வேண்டும் என்றாலும், பின்னிணைப்பு வைக்க அனுமதி கேளுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களைப் பதிப்பித்தபோது, ஒப்பிட்டுப் பார்த்த ஏட்டுச் சுவடிகள் எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தன என்பதை முகவுரையில் எழுதினார். வீட்டுப் பரணில் ஏட்டைக் காத்து வைத்திருந்தவர் பெயரையெல்லாம் இன்றும் நாம் அறிவதற்கு அந்த முகவுரைகளே காரணம். உங்கள் பெரியப்பாவின் நினைவும் ஓர் ஏடுதான்.

2025 ஜூலை 22

நேற்று முழுவதும் ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது, எழுதிவிடுகிறேன். பெயரைப் போடுங்கள் என்று பொதுவாகச் சொன்னது போதாது. கடலடியில் வாழும் கடலட்டை என்ற உயிரினத்தைப் பிடிப்பது 2001 முதல் தடைசெய்யப்பட்ட தொழில். பாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறவர் அட்டை எடுத்த கதையையும் சொல்லிவிடுவார். கடல் எல்லையைத் தாண்டிப் போன கதையும் வரும். அதைப் பெயரோடும் ஊரோடும் அச்சிட்டால், நம்பிப் பேசியவரைக் காட்டிக்கொடுத்தவர் ஆவீர்கள். அத்தகைய இடத்தில் "ஒரு குளிகாரர், வயது அறுபதுக்கு மேல்" என்ற அளவில் நிறுத்தி, பெயரை மறைத்த காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டி, பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். என் தகப்பனாரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே என் வருத்தம்; கேட்டிருந்தால் ஒருவேளை வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பார்.

2025 ஆகஸ்ட் 3

நீங்கள் அனுப்பிய இரண்டாம் இயலின் நூற்பட்டியலில் ஏழாவது உருப்படியை இரண்டு மாலை தேடினேன். அந்த இதழ் இருக்கிறது. நீங்கள் குறித்த தொகுதியும் இருக்கிறது. அந்தக் கட்டுரை அதில் இல்லை. அந்த ஆசிரியர் அப்படி ஒன்றை எழுதியதாகவும் எங்கும் காணவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பட்டியல் என்று நீங்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது நல்லது. அந்தச் செயலிகள் இல்லாத கட்டுரைக்கு இருப்பதுபோன்ற தலைப்பும் ஆண்டும் பக்கமும் கட்டித் தந்துவிடும். அவற்றிடம் எங்கே தேடலாம் என்று யோசனை கேளுங்கள். கிடைத்த ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். நான் காணாத நாளிதழைக் கண்டதாக எழுதினேன். நீங்கள் இல்லாத கட்டுரையைக் கண்டதாக எழுத இருந்தீர்கள். இரண்டும் ஒரே குற்றம்.

முதன்மைச் சான்றுக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் மண்டபத்தில் இருந்து 1971இல்தான் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் இன்றும் அதன் மண்டல மையம் உண்டு. அதன் பழைய வெளியீடுகள் பல இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 3,600 வகை உயிரினங்கள் என்று உங்கள் இயலிலும் இருக்கிறது. என் கைக்கு வந்த ஆய்வேடுகளில் அதற்கு ஒருவர் மற்றவரையே சான்று காட்டுகிறார். எண்ணியவர் யார் என்பது வழியில் எங்கோ நழுவிவிட்டது. பின்னோக்கிப் போய்ப் பிடியுங்கள். பிடிக்க முடியாவிட்டால், உங்கள் பொருள் சங்கு குளித்தல் என்பதால், அந்த எண் இல்லாமலே இயல் நிற்கும்.

2025 ஆகஸ்ட் 10

பெயர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேல்நாட்டு முறைகள் எல்லாம் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. நமக்கு முன்னெழுத்து தகப்பனார் பெயர். மேற்கோள் மென்பொருளில் தமிழ்ப் பெயரை விரித்து இட்டால், தகப்பனாரையே நூலாசிரியர் ஆக்கிவிடுகிறது. இராமேசுவரத்தில் பிறந்த குடியரசுத் தலைவரையே சில பட்டியல்கள் "கலாம்" என்றும், சில "அப்துல் கலாம்" என்றும் வரிசைப்படுத்துகின்றன. தேடுகிறவர் ஓரிடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று போய்விடுவார். இயற்பெயரை முதலிலும் முன்னெழுத்தைப் பின்னும் இட்டு, பட்டியல் முழுவதும் மாறாமல் பின்பற்றுங்கள். எந்த முறை என்பதைவிட ஒரே முறை என்பதே இங்கே முக்கியம்.

இணையப் பக்கத்துக்குப் பார்த்த நாளையும் எழுதுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் "இராமேசுவரத்துக்கு ரயில் இல்லை" என்று ஒரு பக்கத்தை நம்பி எழுதியிருந்தால், அன்று அது உண்மை. நாள் இல்லாவிட்டால் இன்று பொய்யாகத் தோன்றும். மின்வருடிய பழைய நூல்களில் திரையில் தெரியும் பக்க எண்ணை எழுதாமல், தாளில் அச்சிட்ட பக்க எண்ணையே எழுதுங்கள்.

2025 ஆகஸ்ட் 24

மூன்றாம் இயல் நன்றாக வந்திருக்கிறது. ஒரே குறை, மேற்கோள் காட்டிய எல்லாரோடும் உடன்பட்டே போகிறீர்கள். நன்னூல் பாயிரம் எழுவகை மதம் என்று, அதாவது நூல் செய்பவர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கை நிலைகள் என்று, சொல்வதைப் பாருங்கள். உடன்படுதல் அவற்றுள் ஒன்றுதான். மறுத்தல், பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல் என்பவையும் அங்கே இருக்கின்றன. யாருடைய கொள்கை என்று சொல்லாமல் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. சங்கு கிடைக்கும் பருவத்தைப் பற்றி நீங்கள் எடுத்தாண்ட கட்டுரை ஒன்று சொல்கிறது, உங்கள் பெரியப்பா வேறு சொல்கிறார். இருவரையும் பெயரோடு எதிரெதிரே நிறுத்தி, நீங்கள் எதைத் துணிகிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். அந்த இடத்தில்தான் ஆய்வேடு உங்களுடையதாகிறது.

2025 செப்டம்பர் 14

தகவலாளர் பட்டியலைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினீர்கள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். தொழில் என்ற இடத்தில் "மீனவர்" என்று நீங்கள் எழுதியிருந்ததை, "நான் ஒருநாளும் வலை பிடித்ததில்லை, சங்கு குளித்தவன்" என்று சொல்லித் திருத்தச் சொன்னாராம். அவர் சொன்னபடியே மாற்றுங்கள். இரண்டாம் இயலில் உள்ள தொழில்வாரி அட்டவணையிலும் அவரை மீனவர் வரிசையில் எண்ணியிருக்கிறீர்கள். அங்கே ஒன்றைக் குறைத்து, குளிகாரர் வரிசையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அட்டவணையில் உள்ள மற்றவர்களிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.